மூச்சு வாங்குகிறவள்

பூம்பாறைக்கு நான் மருமகளாக வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு பட்டம் கிடைத்துவிட்டது: மூச்சு வாங்குகிறவள். பழனி அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தியைக் கொண்டுவந்து இவ்வளவு உயரத்தில் விட்டு, போதாததற்கு இடுப்பில் ஒரு குடத்தையும் கொடுத்தால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? இரண்டு மாதத்தில் எனக்கு மலை பழகிவிட்டது. ஆனால் ஊர் கொடுத்த பட்டத்தை ஊரே திரும்ப வாங்கிக்கொண்டதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் என்னை அறிமுகப்படுத்தும் விதம் ஒன்றுதான். "இது பெரியவன் சம்சாரம். கீழநாட்டுப் புள்ள. பாவம், மூச்சு வாங்கும்." வந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நான் விறகு பிளந்துகொண்டிருப்பேன், அல்லது இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு நிற்பேன். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பதை நான் அந்த வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

பட்டத்தால் எனக்கு லாபமே இல்லை என்று சொன்னால் அது பொய். பூண்டு விளையும் காட்டிலிருந்து மூட்டை கொண்டுவரும் வேலைக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. சமையலும் களை எடுப்பதும் பூண்டு ஆய்வதும் என் பங்கு. புதுப்பெண்ணாக இருந்தபோது அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள்; நாற்பது வயதில் புளித்தது. ஒருநாள் கொடைக்கானல் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் அரிசிப் பையைத் தூக்கக் குனிந்தேன். பதினைந்து வயதான என் மகள், "நீங்க விடுங்கம்மா, ஒங்களுக்கு மூச்சு வாங்கும்" என்று சொல்லி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் மூச்சு வாங்கி ஒருநாளும் பார்த்திராத பிள்ளை அது. அன்றைக்கு எனக்கு உறைத்தது. இன்னும் நாற்பது வருஷம் கழித்து நான் செத்துப்போனால், 'பாவம், மூச்சு வாங்கும்' என்று சொல்லித்தான் என்னைத் தூக்குவார்கள்.

இப்படி நான் வெந்துகொண்டிருந்தபோதுதான் என் நாத்தனார் போன் செய்தாள். வீட்டுக்காரரின் தங்கை, என்னைவிட நாலு வயது சின்னவள். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. அங்கே ஜிம்முக்குப் போகிறாள். கையில் கறுப்பாக ஒரு வாட்ச் கட்டியிருப்பாள். அது அவள் தூங்கினாளா இல்லையா என்பதை அவளுக்கே சொல்லும்.

அவள் சொன்ன விஷயம் இது. சென்னையில் ஒரு பெரிய ஏசி மண்டபத்துக்குள் ஒரு பந்தயம். ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும், ஒரு வேலை செய்ய வேண்டும். மறுபடி ஒரு கிலோமீட்டர், மறுபடி வேறொரு வேலை. இப்படி எட்டுத் தடவை. வேலை என்றால் பாரம் ஏற்றிய இரும்புச் சட்டத்தைத் தள்ளுவது, அதையே கயிறு கட்டி இழுப்பது, படகே இல்லாமல் துடுப்பு வலிப்பது, இரண்டு கையிலும் இரும்புக் குண்டுகளைத் தூக்கி நடப்பது, தோளில் மணல் மூட்டையோடு முட்டி போட்டு முட்டி போட்டு எழுவது, கடைசியில் ஒரு கனத்த பந்தைச் சுவரில் நூறு தடவை எறிவது. ஜோடியாகக் கலந்துகொண்டால் இரண்டு பேரும் சேர்ந்து ஓட வேண்டும். வேலையை மட்டும் மாற்றி மாற்றிச் செய்யலாம். அவளோடு ஜோடி சேர இருந்த தோழிக்கு முட்டியில் அடி. பெயர் கொடுத்தாகிவிட்டது.

"மதினி, எங்க கோச் சொல்றாரு, மலையில இருக்கவங்களுக்கு லங்ஸ் பெருசா இருக்குமாம். நீங்க வாங்க. ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிரணும். என் ஜிம்முல எல்லாரும் வருவாங்க."

பூம்பாறையில் நான் மூச்சு இல்லாத கீழநாட்டுக்காரி. கோயம்புத்தூரில் நான் பெரிய நுரையீரல் உள்ள மலைக்காரி. இரண்டும் ஒரே குடும்பம் சொல்வதுதான். எனக்குச் சாதகமான கட்சியில் நான் உடனே சேர்ந்துவிட்டேன்.

"வேலியில போற ஓணான எடுத்து..." என்று ஆரம்பித்த வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மாமியார் மட்டும், "சென்னை வரைக்கும் போயி மூச்சு வாங்கணுமாக்கும்? அத இங்கயே வாங்கலாமே" என்றார்.

அதிலிருந்து ஆறு மாதம். நாத்தனார் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாரத்துக்கான திட்டத்தை வாட்ஸப்பில் அனுப்புவாள். முதல் வாரமே தகராறு. ஒரு கிலோமீட்டர் சமதரையில் ஓட வேண்டும் என்றிருந்தது. பூம்பாறையில் சமதரை வேண்டுமென்றால் வீட்டுக்குள்தான் ஓட வேண்டும். வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போய் ஊரைச் சுற்றி அளந்துவிட்டு வந்து, பஸ் நிற்கிற இடத்தில் இருநூறு மீட்டர் ஓரளவு மட்டமாக இருக்கிறது என்றார். டீக்கடை வாசலிலிருந்து உரக்கடை வரைக்கும். ஐந்து தடவை ஓடினால் கணக்கு வந்துவிடும், திரும்பி வர ஒரு தடவை சும்மா என்றார். நாற்பது வயதுப் பொம்பளை, வீட்டுக்காரரின் பழைய டிராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, காலை ஆறரை மணிக்கு டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் எதற்காகவோ ஓடுகிறாள். முதல் நாள், "என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்கள். இரண்டாம் நாள், "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நாத்தனார் ஒரு விதி வைத்திருந்தாள். மெதுவாக ஓடுகிற நாட்களில், ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டுமாம். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். எனக்கோ பக்கத்தில் பேச ஆள் இல்லை. ஆகவே தனியாகப் பேசிக்கொண்டே ஓடினேன். என்ன பேசுவது? மாமியாரிடம் பதினெட்டு வருஷமாகச் சொல்லாமல் விட்டதையெல்லாம் பேசினேன். முழு வாக்கியம் என்ன, மூச்சு அறாமல் பாராவே வந்தது. ஒரு மாதத்தில் எனக்கு நல்ல முன்னேற்றம். ஊரில் மட்டும் எனக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று ஒரு வதந்தி கிளம்பியது. மூச்சிலிருந்து தலைக்கு மாறியதும் ஒருவகை முன்னேற்றம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டு வேலையைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு நாத்தனார் ஒரேயடியாக முடியாது என்று சொல்லிவிட்டாள். "அது சோலி மதினி. இது ஒர்க்கவுட்." ஆகவே பகல் முழுக்கக் குனிந்து களை எடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து, பயனுள்ள எதையும் செய்துவிடாமல் ஜாக்கிரதையாகக் குனிந்து நிமிர்ந்தேன். பழைய டயர் ஒன்றில் உருளைக்கிழங்கு மூட்டையை வைத்துக் கட்டி வீட்டுக்குப் பின்னால் இழுத்தேன். மூட்டையை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், அப்படியே முதல் இடத்துக்குத் திரும்ப இழுத்து வந்தேன். மாமியார் அதை ஒரு வாரம் பார்த்தார். பிறகு, "அதுக்கு அங்கிட்டே கெடக்கட்டும்னு விட்டுறலாம்ல?" என்றார்.

பந்து எறிவதற்கு ஒரு பையில் மணலைக் கட்டி, பூண்டு காயப்போடும் அறையின் வெளிச்சுவரில் எறிந்தேன். நூறு எறிவதற்குள் காரை பெயர்ந்து விழுந்தது. வீட்டுக்காரர் விழுந்த காரையை அள்ளிக்கொண்டே, "இன்னும் எத்தன மாசம்?" என்று கேட்டார்.

ஓய்வு நாள் என்று ஒன்று இருந்தது. வாரத்தில் ஒருநாள் கட்டாயம் ஒன்றும் செய்யக் கூடாது. அப்போதுதான் உடம்பு வளருமாம். அந்த ஒருநாள் பூண்டு எடுக்கிற வாரத்தில் வந்தது. "இன்னைக்கு எனக்கு ரெஸ்ட் அத்தை" என்று சொன்னபோது மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எந்த நாத்தனாராலும் வாட்ஸப்பில் விளக்க முடியாது. அன்றைக்கு நான் சாயங்காலம் வரை பூண்டு பிடுங்கினேன். நாத்தனாரிடம் ஓய்வெடுத்தேன் என்றேன். அடுத்த நாள் ஓட்டத்தில் கால் கல்லாகக் கிடந்தது. ஓய்வு என்பது சோம்பல் இல்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. ஆனால் அதை எங்கள் வீட்டில் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

துடுப்பு மெஷினுக்காக வாரம் ஒருமுறை கொடைக்கானல் டவுனுக்குப் போவேன். வெள்ளனே கிளம்பும் பஸ்ஸில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்று போய்ச் சேர்ந்தால், ஒரு கடைக்கு மேல் மாடியில் ஜிம். அங்கே ஹோம்ஸ்டே வைத்திருக்கும் ஒருவர் தினமும் காரில் வருவார். நடக்கிற மெஷினை மேட்டுக்கு உயர்த்தி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஏறுவார். ஜன்னலுக்கு வெளியே மலை சும்மா நிற்கும். நான் துடுப்பில் உட்கார்ந்தால் பக்கத்து மெஷின் ஐந்து நிமிஷத்தில் காலியாகிவிடும். பூண்டு வாசனை எங்களுக்கு மூக்கில் தெரியாது. மற்றவர்கள் முகத்தில்தான் தெரியும். ஜிம் வைத்திருந்தவர் மட்டும் நல்ல மனிதர். "மேடம், கையால இழுக்காதீங்க, காலால தள்ளுங்க. ஃபர்ஸ்ட்ல ஸ்லோ. கடைசில பாத்துக்கலாம்" என்பார். அவர் சொன்ன அந்த ஒன்று, திட்டத்தில் இருந்த எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது. முதலிலேயே பாய்ந்துவிட்டு நடுவில் சாகிற ஆள் நான். அடக்கி ஆரம்பிக்கக் கற்றுக்கொண்ட பிறகு நேரம் தானாகக் குறைந்தது.

பொங்கலுக்கு நாத்தனார் வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஓடிப் பார்த்தோம். உரக்கடைக்கும் டீக்கடைக்கும் மூன்றாவது தடவை திரும்பும்போது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எனக்குப் பேச்சு அறவில்லை.

"இது ஆல்டிட்யூட் மதினி," என்றாள் மூச்சுக்கு நடுவில். "உயரமான எடத்துல ஆக்சிஜன் கம்மி. கீழருந்து வந்தா யாருக்கும் இப்பிடித்தான் இருக்கும்."

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் கீழேயிருந்துதான் வந்தேன். எனக்கு வாங்கினால் அது என் குணம். அவளுக்கு வாங்கினால் அது ஆக்சிஜன். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, வீட்டில் எல்லாருக்கும் முன்னால் நாத்தனார் தன் வாயால் சொல்ல வேண்டும், மதினிக்கு மூச்சு வாங்கவில்லை என்று. மகள் அதைக் கேட்க வேண்டும். எனக்கு அது போதும். பந்தயம் யாருக்கு வேண்டும்?

சென்னை மண்டபம் நான் நினைத்ததைவிடப் பெரிது. ஏசி போட்டு உள்ளே கொடைக்கானல் மார்கழியைக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்குள் ஆயிரம் பேர் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. நாத்தனாரின் ஜிம்காரர்கள் ஒரே நிறச் சட்டையில் வேலிக்கு வெளியே நின்று அவள் பெயரைக் கத்தினார்கள். "இவங்கதான் என் மதினி, மலையிலேருந்து வந்திருக்காங்க" என்று அவள் என்னைக் காட்டினாள். எல்லோரும் என் மார்பை மரியாதையோடு பார்த்தார்கள். உள்ளே இருக்கும் நுரையீரலைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பாதி நன்றாகவே போனது. ஓடுகிற பாதையில் ஒரே நெரிசல். பழனி அடிவாரத்தில் தைப்பூசக் கூட்டம் பார்த்து வளர்ந்தவளுக்கு நெரிசல் ஒரு விஷயமே இல்லை. தோளைக் கொஞ்சம் சாய்த்து, முழங்கையைக் கொஞ்சம் வெளியே வைத்தால் கூட்டம் தானாக விலகும். இரும்புச் சட்டம் முதலில் அசையவே மாட்டேன் என்றது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே குட்டிக் குட்டி அடியாக வைத்தேன், நகர்ந்தது. துடுப்பில் காலால் தள்ளினேன். ஐந்து வேலை முடிந்தபோது மணிக்கூண்டு மாதிரி மேலே தொங்கிய கடிகாரத்தைப் பார்த்து நாத்தனார், "மதினி, நாம முன்னாடி இருக்கோம்!" என்று கத்தினாள். அவள் முகம் அப்போதே சிவந்திருந்தது. எனக்கு இன்னும் பேச வந்தது.

ஆறாவது வேலை, இரும்புக் குண்டுகளைத் தூக்கி நடப்பது. முதலில் நான் தூக்கிக்கொண்டேன். நாத்தனார் வெறுங்கையோடு பக்கத்தில் வர வேண்டும். மூச்சை மீட்டுக்கொண்டு பாதியில் வாங்கிக்கொள்வாள் என்று பேச்சு. குறுகலான பாதை. எங்களுக்குப் பின்னாலிருந்து குண்டுகளோடு ஓர் ஆள் வேகமாக வந்தார். திரும்பிப் பார்த்தால் நாத்தனாரைக் காணோம். பத்தடி பின்னால், வேலியில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

இதை எங்கள் மலையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்படியாக இருக்கும் காடுகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைதான். எதிரிலோ பின்னாலோ ஒருவர் சுமையோடு வந்தால், சுமை இல்லாதவர் மேட்டுப் பக்கம் ஒதுங்கி, மண்ணில் முதுகைச் சாய்த்து நின்றுவிட வேண்டும். சுமை கடக்கும் வரை அசையக் கூடாது. பேச்சும் கொடுக்கக் கூடாது. பதில் சொன்னால் அவர்களுக்கு மூச்சு வீணாகும். வருவது பகையாளியாக இருந்தாலும் சரி, ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. நான் வந்த புதிதில் இது தெரியாமல், பழனித் தேரோட்டத்தில் நடக்கிற மாதிரி நடந்து, பூண்டுக் கட்டோடு வந்த மாமியாரையே பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் சமாளித்துக்கொண்டார், பூண்டுக்கட்டு கீழ்க்காட்டில் போய் விழுந்தது. என்னை மேட்டுப் பக்கம் நிற்க வைத்து, 'இப்பிடி நிக்கணும் மதினி, இப்பிடி' என்று முதுகைப் பிடித்து அழுத்திக் காட்டியது அன்றைக்குப் பதினெட்டு வயதாக இருந்த இதே நாத்தனார்தான்.

பதினாலு வருஷம் கோயம்புத்தூரில் இருந்தாள். வாட்ச், ஜெல், புரோட்டீன் பவுடர், எல்லாம் வந்தது. உடம்பு களைத்து மூளை நின்றதும் கால் தானாக மேட்டைத் தேடிப் போய்விட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"ஏ புள்ள! வாடி இங்கிட்டு!" என்று கத்தினேன்.

"சுமை வருது மதினி," என்றாள். நிஜமாகவே அப்படித்தான் சொன்னாள்.

குண்டுகளோடு வந்த ஆளுக்குப் பின்னால் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி. அந்த மண்டபத்தில் சுமைக்கா பஞ்சம்? நடுவர் ஓடி வந்து, ஜோடி சேர்ந்தே வர வேண்டும், இடைவெளி விடக் கூடாது என்று என்னை நிறுத்தினார். சுமை தூக்கியவள் நின்றுகொண்டிருக்க, வெறுங்கைக்காரி ஊருக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டிருந்தாள். அவளை இழுத்துக்கொண்டு பத்தடி போனேன். அடுத்த சுமை வந்ததும் மறுபடி ஒதுங்கினாள். அவளுக்கே தெரிந்து, 'அய்யோ' என்று தலையில் அடித்துக்கொண்டு, ஒதுங்கினாள். நடுவர் கையைத் தூக்கினார். எங்கள் நேரத்தில் மூன்று நிமிஷம் தண்டனையாகச் சேர்ந்தது.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. குண்டுகளை அவள் கையில் திணித்தேன். சுமை உள்ளவள் யாருக்கும் வழி விட வேண்டியதில்லையே! உடனே அவள் நடுப்பாதையில் ராணி மாதிரி நடந்தாள். ஆனால் இருபது அடிக்கு ஒருமுறை குண்டுகளைக் கீழே வைத்துவிட்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள். மணல் மூட்டையைத் தூக்க அவளால் முடியவில்லை. அதை நானே முழுக்கத் தூக்கினேன். "என் சட்டையைப் பிடிச்சுக்கோ. கண்ண மூடிக்கோ. யாரு வந்தாலும் பாக்காத" என்றேன். நாற்பது வயதில் ஒரு மூட்டையும் ஒரு நாத்தனாரும் தோளில். கடைசிப் பந்தில் முக்கால்வாசி நான்தான் எறிந்தேன். அங்கே சுவரில் காரை பெயரவில்லை, நல்ல கட்டடம்.

தண்டனையோடு சேர்த்து ஒன்றரை மணிக்கு மேல் இரண்டு நிமிஷம் வந்தது. வழி விடாமல் இருந்திருந்தால் உள்ளே வந்திருப்போம். நாத்தனார் கம்பளத்தில் குப்புறக் கிடந்து மூச்சுக்குத் தவித்தாள். ஜிம்காரர்கள் விசிறினார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். வருத்தமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை என் மாமியார் பார்க்க வேண்டுமே என்று தவித்தேன்.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறைக்கு நாத்தனார் பிள்ளைகளோடு பூம்பாறைக்கு வந்தாள். ஒரு சாயங்காலம் வாசலில் எல்லோரும் உட்கார்ந்து பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தோம். நான், வீட்டுக்காரர், மகள், நாத்தனார், மாமியார், பக்கத்து வீட்டு அக்காக்கள் இரண்டு பேர். மாமியாரே ஆரம்பித்தார். "போனீகளே, என்னாச்சு? செயிச்சீகளா, இல்ல இவளுக்கு மூச்சு வாங்கிருச்சா?"

விட்டுக்கொடுத்துச் சிரித்துவிட்டு உள்ளே போகிற மருமகள்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் எழுந்து நின்று நடித்தே காட்டினேன். குண்டு எப்படித் தூக்கினேன், திரும்பிப் பார்த்தால் இவள் எப்படி வேலியில் சாய்ந்து நின்றாள், நான் எப்படிக் கத்தினேன், நடுவர் எப்படிக் கையைத் தூக்கினார், எல்லாம். மகள் சிரித்துச் சிரித்துப் பூண்டைக் கீழே போட்டாள். முடித்துவிட்டு மாமியாரைப் பார்த்தேன்.

மாமியார் கண் கலங்கியிருந்தது. "பாத்தீகளா," என்றார் பக்கத்து வீட்டு அக்காக்களிடம். "பட்டணத்துக்குப் போயி இத்தன வருசமாச்சு. எம்புள்ள சுமைக்கு ஒதுங்குறத மறக்கல பாத்தீகளா."

"வளப்பு அப்பிடி," என்றார் ஒரு அக்கா. இன்னொருவர் என்னைப் பார்த்து, "அதுக்காக அத்தன சனத்துக்கு முன்னாடி ஒதுங்காதன்னா கத்துறது?" என்றார்.

நான் நடித்துக் காட்டிய கையோடு அப்படியே நின்றேன். தோற்கடித்தவளுக்கு நல்ல வளர்ப்பு. மூட்டையையும் அவளையும் சேர்த்து இழுத்து வந்தவள் மரியாதை தெரியாத கீழநாட்டுக்காரி. இதை நானே ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"சும்மா இரும்மா," என்றாள் நாத்தனார். கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தாள். "தோத்தது என்னாலதான். மதினிக்கு மூச்சே வாங்கல. கடைசி வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாங்க. எனக்குத்தான் வாங்கிக் குப்புற விழுந்துட்டேன்."

சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் முன்னால், அவள் வாயால். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மாமியார் பூண்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவளுக்கு எதுக்குடி வாங்கும்? மலையில கெடக்குறவளுக்கு எங்கயாச்சும் மூச்சு வாங்குமா? கீழ போயி ஏசியில கெடந்தா ஒனக்குத்தான் வாங்கும்."

"நீதானம்மா எப்பவும் சொல்லுவ, மதினிக்கு..."

"நானா சொன்னேன்? நல்லாருக்கே கத. நான் எப்ப சொன்னேன்?"

அக்காக்களைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக என்னைப் பாவமாகப் பார்த்த இரண்டு பேர். "அது நல்லா ஏறுமே," என்றார் ஒருவர், எனக்குச் சாதகமாகத்தான். வீட்டுக்காரர் ஒரே பூண்டை மூன்றாவது தடவையாக உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆறு மாதம் ஊர் சிரிக்க ஓடியது அந்தப் பேச்சை உடைக்கத்தான். அப்படி ஒரு பேச்சே இருந்ததில்லை என்றால் நான் எதை உடைத்தேன்? யாரிடம் போய்க் காட்டுவது? அழுகையும் வந்தது. அதே சமயம், மலையில கெடக்குறவள் என்று அவர் என்னைச் சொன்னது காதிலேயே நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது இனித்தது.

"நின்னுக்கிட்டே இருக்கியே," என்றார் மாமியார். "மேக்காட்டுல ரெண்டு மூட்டை கெடக்கு. வெரசா போயி ஒன்னத் தூக்கிட்டு வந்துரு. மழ வர்ற மாதிரி இருக்கு."

பதினெட்டு வருஷத்தில் என்னை மூட்டைக்கு அனுப்பியது அதுதான் முதல் தடவை. மகள் எழுந்திருக்கவில்லை, நான் போவேன் என்று தெரிந்தவள் மாதிரி பூண்டை அறுத்துக்கொண்டிருந்தாள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். வாசலிலிருந்து பார்த்தால் மூன்று படிக்காடு வரை தெரியும். அவர்கள் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அடக்கி ஆரம்பிக்க வேண்டும் என்று ஆறு மாதம் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. முதல் காட்டையும் இரண்டாம் காட்டையும் ஏறக்குறைய ஓடியே ஏறினேன். மூன்றாவது காட்டைத் தாண்டிப் பாதை திரும்பி வீடு மறைந்ததும், ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினேன். கண்ணில் நீர் வர, நெஞ்சு வலிக்க, வாழ்க்கையில் அப்படி வாங்கியதில்லை. கீழே சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.